பவளப்பாறைக்குத் தேய்மானம் எழுதியது யார்?

பழவங்காடிப் பிள்ளையாரைத் தெரியாத திருவனந்தபுரத்துக்காரர் கிடையாது. பட்டாளத்துக்காரர்கள் பராமரிக்கும் கோயில். நாள் முழுக்கச் சிதறுகாய் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். கோயிலைத் தாண்டினால் கிழக்கே கோட்டை பஸ் ஸ்டாண்டு, இன்னும் கொஞ்சம் நடந்தால் சாலைக் கடைத்தெரு. மாயவரத்தில் பிறந்து, பி.காம். முடித்து, வங்கி போட்ட ஊருக்கெல்லாம் பெட்டி கட்டியவன் கடைசியில் வந்து சேர்ந்த இடம் இது. இந்தத் தெருக்களில் மலையாளம், தமிழ் இரண்டும் சகஜம். மூன்றாவதாக ஒரு பாஷையும் அடிக்கடி காதில் விழும். அது திவேஹி, மாலத்தீவுக்காரர்களின் பாஷை.

விமானத்தில் போனால், இங்கிருந்து சென்னை எவ்வளவு தூரமோ ஏறக்குறைய அவ்வளவுதான் மாலே. அதனால் வைத்தியத்துக்கு அவர்கள் இங்கே வருகிறார்கள். மாதக்கணக்கில் வீடு பிடித்துத் தங்கும் குடும்பங்களும் உண்டு. ஊருக்குக் கிளம்பும்போது துணிமணி, பாத்திரம், மளிகை என்று பெட்டி நிறைய வாங்கிப் போகிறார்கள். எனக்கு இதில் ரொம்ப நாளாக ஒரு கேள்வி. ஒரு ராத்திரி தங்க ஆயிரம் டாலர் கேட்கும் ரிசார்ட்டுகள் உள்ள நாடு அது. அந்த ஊர்க்காரர் முட்டிவலிக்கும் விமானம் ஏறி இங்கே ஏன் வரவேண்டும்? அத்தனை டாலரும் எங்கே போகிறது?

பேங்க்காரனுக்கு இந்தக் கேள்வி வந்துவிட்டால் தூக்கம் வராது. கொஞ்சம் கணக்குப் பார்ப்போம், வாருங்கள்.

2024ஆம் ஆண்டில் மாலத்தீவுக்குப் போன சுற்றுலாப் பயணிகள் 20 லட்சத்துக்கும் மேல். அந்த நாட்டின் ஜனத்தொகை, வேலைக்கு வந்திருக்கும் வெளிநாட்டவரையும் சேர்த்து, சுமார் 5 லட்சம். அதாவது தலைக்கு நான்கு விருந்தாளி! அந்த ஆண்டு ஜனவரியில் நடந்த சண்டையில் நம்மவர்கள் பலர் அங்கே போவதை நிறுத்தியதும் உங்களுக்கு நினைவிருக்கும். 2023இல் 2 லட்சத்துக்கு மேல் போன இந்தியர்கள் 2024இல் 1 லட்சத்து 30 ஆயிரமாகக் குறைந்தார்கள். அப்படியும் மொத்தக் கணக்கு சாதனை அளவைத் தொட்டது.

இனிமேல்தான் வேடிக்கை. அதே 2024 அக்டோபரில், கையில் டாலர் இல்லாமல் அந்நாடு நம் ரிசர்வ் வங்கியிடம் வந்தது. 40 கோடி டாலருக்கும், அதுபோக 3,000 கோடி ரூபாய்க்கும் நாணயப் பரிமாற்ற ஏற்பாடு செய்துகொடுத்தோம். கடையில் கூட்டம் அலைமோதுகிறது, முதலாளியோ பக்கத்துக் கடையில் கைமாற்று கேட்கிறார். இப்படி ஒரு கணக்கு என் மேஜைக்கு வந்தால் முதலில் எதைப் பார்ப்பேன்? வரவை அல்ல. வந்த பணம் எந்த வழியாக வெளியே போகிறது என்பதைத்தான்.

ஒரு விடுமுறைப் பயணத்தின் செலவைப் பிரித்துப் பாருங்கள். விமான டிக்கெட் காசு வேறு நாட்டு விமான கம்பெனிக்கு. அறையைப் பதிவு செய்த இணையதளத்துக்குக் கமிஷன். ரிசார்ட்டை நடத்தும் பன்னாட்டு நிறுவனத்துக்கு நிர்வாகக் கட்டணம். அறைக்குக் குளிரூட்ட, கடல்நீரைக் குடிநீராக்க டீசல் வேண்டும், அது இறக்குமதி. காலை உணவின் முட்டை, உருளைக்கிழங்கு, வெங்காயம் எல்லாம் இறக்குமதி. பரிமாறுகிறவர் வங்காளதேசம், இலங்கை, இந்தியா என்று எங்கிருந்தோ வந்தவர். அவர் சம்பளத்தில் பெரும்பகுதி அவர் ஊருக்குப் போய்விடும். (அந்த வரிசையில் நம் ஆட்களும் உண்டு. தூத்துக்குடியிலிருந்து தோணியில் ஏறிப் போகும் காய்கறியும் கட்டுமானச் சாமானும் இதே கணக்கில்தான் வரும். அவர்களுடைய கசிவு, நம்மூர் வியாபாரியின் வரவு!) இதைத்தான் பொருளாதாரக்காரர்கள் கசிவு என்கிறார்கள். பானையில் ஊற்றுகிற தண்ணீரைவிட, அடியில் உள்ள ஓட்டையைப் பார்க்கச் சொல்லும் சொல்.

அரசு வாங்கிக் குவித்த கடன், கட்டிய பாலம், விமான நிலையம் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் டாலர் உள்ளே தங்குவதில்லை என்பது அந்நாட்டு நாணய ஆணையத்துக்கே தெரியும். 2024 அக்டோபரில் அது ஒரு விதி கொண்டுவந்தது: ரிசார்ட்டுகள் தங்கவரும் ஒவ்வொரு பயணிக்கும் 500 டாலர் வீதம் உள்ளூர் வங்கியில் கொடுத்து உள்ளூர்ப் பணமாக மாற்றவேண்டும். தன் வீட்டுக்குள் வந்த பணத்தைச் சட்டம் போட்டுப் பிடித்துவைக்க வேண்டிய நிலை!

இதைப் படித்துவிட்டு, "சுற்றுலாவே வேண்டாம் என்கிறீர்களா?" என்று கேட்காதீர்கள். நான் அந்தக் கட்சி இல்லை. தென்பாண்டிச் சீமைச் சமையலில் மாசிக் கருவாடு தெரியும் அல்லவா? அந்த மாசி விற்றுத்தான் மாலத்தீவு காலங்காலமாகப் பிழைத்தது. பெரிய வாடிக்கையாளர் இலங்கை. 1970களின் தொடக்கத்தில் இலங்கை அந்நியச் செலாவணி நெருக்கடியில் இறக்குமதியைச் சுருக்கியதும் அந்தச் சந்தை சரிந்தது. அந்தச் சமயத்தில்தான், 1972இல், குரும்பா என்ற முதல் ரிசார்ட் திறக்கப்பட்டது. சிறு எண்ணிக்கையில் அறைகள், பக்கத்துக் கடலில் பிடித்த மீன், அவ்வளவுதான். அங்கிருந்து புறப்பட்ட நாடு 2011 ஜனவரியில் ஐ.நா.வின் மிகப் பின்தங்கிய நாடுகள் பட்டியலிலிருந்து வெளியே வந்தது. விளைநிலம் இல்லாத, கனிமம் இல்லாத, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணல் திட்டுகளைக் கொண்ட ஒரு நாடு வேறு எதை விற்றிருக்க முடியும்? வெயிலையும் கடலையும் விற்றது. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் ஒரே சரக்கை நம்பிக் கடை நடத்துவதில் ஆபத்து உண்டு. வங்கியில் ஒரே ஆளுக்கு அளவுக்கு மீறிக் கடன் கொடுக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. ஆள் நல்லவரா கெட்டவரா என்பது பேச்சே இல்லை. அவர் விழுந்தால் நாமும் விழுவோம், அவ்வளவுதான். 2004 சுனாமியில் மாலத்தீவுக்கு நேர்ந்த சேதம் அதன் ஓராண்டு மொத்த உற்பத்தியில் பாதிக்கும் மேல். 2020இல் கொரோனா வந்து மார்ச் கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை நாட்டு வாசலையே மூடவேண்டி வந்தது. வாசல் மூடினால் வருமானம் பூஜ்யம்.

நம் இலங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். தேயிலை, ஆடை ஏற்றுமதி, வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பும் பணம் என்று அங்கே பல கால்கள் உண்டு. இருந்தும் 2018இல் 23 லட்சம் பேர் வந்த இடத்தில், 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பும் அடுத்து வந்த கொரோனாவும் சேர்ந்து 2021இல் 2 லட்சத்துக்கும் கீழே கொண்டுபோய் விட்டன. தவறான வரிக்குறைப்பு, ரசாயன உரத் தடை என்று வேறு வினைகளும் சேர்ந்துகொண்டு, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியவில்லை என்று அறிவித்தார்கள். பெட்ரோல் வரிசையில் நம் சொந்தங்கள் நின்றதை நாம் எல்லோரும் போனில் கேட்டோம். பல கால் உள்ள நாட்டுக்கே அந்தக் கதி என்றால் ஒற்றைக் கால் தீவின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

சரி, தலைப்புக்கு வருகிறேன். பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. இயந்திரம் தேயும். ஆண்டுதோறும் அந்தத் தேய்மானத்தை லாபத்திலிருந்து கழித்து எழுது. எழுதாமல் விட்டால் லாபம் அதிகமாகத் தெரியும். உண்மையில் நீ மூலதனத்தைத் தின்றுகொண்டிருக்கிறாய்.

தீவின் இயந்திரம் எது? ஓட்டல் கட்டடம் அல்ல. பவளப்பாறை. அலையின் வேகத்தை உடைப்பது அது. மீனுக்கு வீடு அது. கரையிலுள்ள வெள்ளை மணலே பவளமும் அதை மேயும் கிளிமீன்களும் அரைத்துக் கொடுத்ததுதான். பயணி முகமூடி மாட்டிக்கொண்டு கடலுக்குள் பார்க்க வருவதும் அதைத்தான். அந்தப் பவளம் 1998இல் கடல் சூடேறியதில் பெருமளவு வெளுத்துச் செத்தது. தேறி வரும்போது 2016இல் மறுபடியும்; அந்த முறை மாலத்தீவில் ஆய்வு செய்த பவளங்களில் சுமார் 60 சதவீதம் வெளுத்திருந்தன. 2024இல் உலகம் முழுக்க நான்காவது பெரும் வெளுப்பு அறிவிக்கப்பட்டது. கடல் சூடாவதற்குத் தீவுக்காரர் காரணம் இல்லை. அது பெரிய நாடுகளின் புகை. ஆனால் காய்ச்சலில் கிடக்கும் உடம்பை மேலும் அடிக்காமல் இருப்பது தீவின் கையில் இருக்கிறது. மணலை வாரிக் கடலைத் தூர்ப்பதும், கழிவுநீரைக் கடலில் விடுவதும், பவளத்தின் மேல் தூண் நட்டு அறை கட்டுவதும் அந்த அடிகள்தான்.

இரண்டாவது மூலதனம் தண்ணீர். பவளத் தீவில் ஆறு கிடையாது, ஏரி கிடையாது. மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் ஒரு மெல்லிய படலமாக மிதக்கும். அதுதான் கிணற்று நீர். அளவுக்கு மேல் இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறிவிடும். மாலே நகரம் அந்தக் கட்டத்தை எப்போதோ தாண்டி, கடல்நீரைச் சுத்திகரித்துக் குடிக்கிறது. 2014 டிசம்பரில் அந்த ஆலையில் தீப்பிடித்தபோது, ஒரு லட்சம் பேருக்கு மேல் குடிக்கத் தண்ணீர் இல்லை. நம் விமானப்படை அரக்கோணத்திலிருந்து தண்ணீர் ஏற்றிக்கொண்டு பறந்தது. கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்து பழகிய நமக்கு அதன் அர்த்தம் புரியும்.

குப்பை தனிக்கதை. மாலேக்குப் பக்கத்தில் திலாஃபுஷி என்று ஒரு தீவு. 1990களின் தொடக்கத்திலிருந்து குப்பையைக் கொட்டியே உருவான நிலம் அது. விளம்பரப் படத்தில் அந்தத் தீவு வராது.

மாலத்தீவு அரசு இந்தத் தேய்மானத்தைக் கணக்கில் எழுத முயலவே இல்லை என்று சொல்லமாட்டேன். 2015 நவம்பரில் பசுமை வரி என்று ரிசார்ட் பயணிக்கு ஓர் இரவுக்கு 6 டாலர் போட்டார்கள். 2025 ஜனவரியில் அது 12 டாலர் ஆனது. தத்துவம் சரி. என் கவலை, அந்தப் பணம் பவளத்துக்கும் கழிவுநீருக்கும் மட்டும் போகும்படி தனிக் கணக்கில் பூட்டப்படுகிறதா என்பதுதான். தேய்மான நிதியை எடுத்துச் சம்பளம் கொடுக்கிற கம்பெனிகளை நான் பார்த்திருக்கிறேன். அதன் முடிவும் தெரியும்.

கசிவுக்கு மருந்து உண்டா? உண்டு, அதுவும் அங்கேயே இருக்கிறது. பல காலம், மக்கள் வாழும் தீவில் பயணி தங்கக்கூடாது, ரிசார்ட்டுக்குத் தனித்தீவு என்றே வைத்திருந்தார்கள். 2009-10 வாக்கில் அந்த விதி தளர்ந்தது. உள்ளூர்க் குடும்பங்கள் விருந்தினர் இல்லம் நடத்தலாம் என்று வந்தது. மாஃபுஷி போன்ற தீவுகளில் வீட்டு மாடியில் நாலு அறை கட்டியவர்கள், படகோட்டிகள், சோறு சமைத்துப் போடும் பெண்கள் என்று பணம் முதல்முறையாகத் தெருவுக்குள் வந்தது. இன்று அப்படிப்பட்ட இல்லங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

எதிர்வாதமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். தனித்தீவு ரிசார்ட் குறைந்த ஆட்களிடம் அதிகப் பணம் வாங்குகிறது. தன் கழிவைத் தானே பார்த்துக்கொள்கிறது. ஊரின் மதம், பழக்கம் எதையும் தொந்தரவு செய்வதில்லை. விருந்தினர் இல்லங்களோ சின்னத் தீவில் கூட்டத்தைக் கூட்டி, சாக்கடையை நிரப்பிவிடுகின்றன. இதில் உண்மை இருக்கிறது. அதனால்தான் நான் சொல்வது: யார் நடத்தலாம் என்பதை ஊர் தீர்மானிக்கட்டும், எத்தனை கட்டில் என்பதைத் தண்ணீரும் சாக்கடையும் தீர்மானிக்கட்டும். கட்டிலைப் போட்டுவிட்டுத் தண்ணீர் தேடக்கூடாது.

கேரளத்திலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. 2008 வாக்கில் குமரகத்தில் "பொறுப்புச் சுற்றுலா" என்று ஆரம்பித்தார்கள். பஞ்சாயத்தும் குடும்பஸ்ரீ பெண்களும் சேர்ந்து, பெரிய ஓட்டல்களுக்குத் தேவையான காய்கறியை உள்ளூரிலேயே பயிரிட்டுக் கொடுப்பது என்று ஏற்பாடு. முதலில் ஓட்டல்காரர்களுக்குத் தரமும் அளவும் சரியாக வருமா என்ற தயக்கம். பேசிப்பேசி வழி கண்டார்கள். தரிசாகக் கிடந்த நிலத்தில் விளைச்சல் வந்தது. 2014இல் ஐ.நா. உலகச் சுற்றுலா அமைப்பின் யுலிசிஸ் விருதும் வந்தது. விருதைவிட எனக்குப் பிடித்தது அந்த யோசனைதான். வெளியே போகிற காசை ஒரு கீரைக்கட்டு அளவில் நிறுத்தினாலும் நிறுத்தியதுதானே?

இதெல்லாம் இப்போது ஏன் அவசரம்? லட்சத்தீவு. கொச்சியிலிருந்து கப்பல் ஏறிப் போகிற நம் நாட்டுப் பவளத் தீவுகள். மொத்த நிலமே 32 சதுர கிலோமீட்டர். மக்கள் வாழ்வது 10 தீவுகளில். 2011 கணக்குப்படி சுமார் 64 ஆயிரம் பேர். 2024 ஜனவரியில் பிரதமர் அங்கே போன படங்கள் வந்ததும் ஊரே "மாலத்தீவு வேண்டாம், லட்சத்தீவு போவோம்" என்றது. அதற்கு ஓராண்டு முன்பே சுஹேலியிலும் கட்மத்திலும் தாஜ் ஓட்டல்கள் வரப்போவதாக அறிவிப்பு வந்திருந்தது. நம் நாட்டுத் தீவு வளரட்டும் என்ற ஆசையில் தப்பே இல்லை. ஆனால் மாலத்தீவு 50 வருஷத்தில் கற்ற பாடத்தை நாம் முதல் வகுப்பிலிருந்து மறுபடி படிக்க வேண்டுமா?

அங்கேயும் அதே மெல்லிய நன்னீர்ப் படலம்தான். சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2005இல் கவரத்தியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை அமைத்தது. நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர். அது குடியிருக்கும் மக்களுக்கான ஏற்பாடு. பங்காரம் பவளத்திட்டில் பரளி-1 என்ற ஆளில்லாத் தீவு அரித்து அரித்து முழுவதும் மறைந்துவிட்டதாக 2017இல் ஓர் ஆய்வு சொன்னது. தீவே மறையும் இடத்தில் அகலக்கால் வைக்கலாமா? உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ரவீந்திரன் குழு, வளர்ச்சித் திட்டங்களைத் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்தே செய்யவேண்டும் என்று சொன்னது. 2021இல் வந்த வரைவுச் சட்டத்துக்கு எதிராகத் தீவு மக்கள் வீட்டு வாசலில் நின்று போராடியதற்குக் காரணமே, தங்கள் நிலத்தைத் தங்களைக் கேட்காமல் எடுத்துவிடுவார்களோ என்ற பயம்தான்.

ஒரு கடன் விண்ணப்பம் போல லட்சத்தீவுத் திட்டங்களைப் பார்த்தால் நான் கேட்பது மூன்றே கேள்வி. தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவு எங்கே போகும்? அறையிலும் படகிலும் உள்ளூர்க்காரருக்கு எத்தனை பங்கு, வேலைக்காரராக அல்ல, உரிமையாளராக? ஒரு வருஷம் பயணியே வராவிட்டால் அந்த ஊர் எதைச் சாப்பிடும்? மூன்றாவது கேள்விக்குப் பதில் அங்கேயே இருக்கிறது: சூரை மீனும் தேங்காயும். அந்தத் தொழிலைக் கெடுக்காத சுற்றுலா எதுவோ அதற்குக் கையெழுத்துப் போடலாம். கெடுப்பதாக இருந்தால், எவ்வளவு பெரிய பெயர் விண்ணப்பித்தாலும் கோப்பைத் திருப்பி அனுப்பவேண்டும்.

இதெல்லாம் அரசாங்கம் செய்யவேண்டியது, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நீங்கள்தான் பள்ளி விடுமுறைக்குத் தீவு தேடுகிறவர்கள். (எங்கள் வீட்டுத் தங்கமணியும் அந்தப் பட்டியலில் உண்டு.) அடுத்த முறை பதிவு செய்யும்போது விலையோடு கூட இன்னும் சிலதைக் கேளுங்கள். வீட்டுக்காரர் உள்ளூர்க்காரரா? மீனும் காயும் எங்கே வாங்குகிறார்கள்? கழிவுநீரை என்ன செய்கிறார்கள்? பதில் வராத இடத்தை விட்டுவிடுங்கள். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்கள் நாம். மண் ஊர்க்காரன் கையில், லாபம் வேறு எவர் கையிலோ என்ற கணக்கு எப்படி முடியும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பி.கு.: பசுமை வரி ஓர் இரவுக்கு 12 டாலர் என்று பில்லில் பார்த்தால் முணுமுணுக்காதீர்கள். ஒரு விடுமுறையில் நீங்கள் கொடுக்கும் பணத்தில் பவளப்பாறையின் பெயரில் எழுதப்பட்ட வரி அது ஒன்றுதான்.